ரேடியோக் கம்பம்: நாட்டலும் பேணலும்

ஊதியமும் வாணிகமும் கருதாது, அறிவு வேட்கையொன்றே பற்றுக்கோடாக, அரசின் உரிமம் பெற்றுத் தம் இல்லத்தில் ஒரு சிறு ரேடியோ நிலையம் அமைத்து, அண்மையிலும் சேய்மையிலும் உள்ளாரோடு அளவளாவுவார் உலகெங்கும் பலர் உளர். அவரை ‘ஹாம்’ என மக்கள் வழங்குவர். யாம் ரேடியோ அன்பர் என்போம். அவர் கையாளுங் கருவியைப் பற்றிப் பேசுவார் பலர். அக்கருவியின் குரலை வானிற் செலுத்தும் ஏரியலைத் தாங்கி நிற்குங் கம்பத்தைப் பற்றிப் பேசுவார் சிலரே. கருவி பழுதுற்றாற் பேச்சு நிற்கும். கம்பம் பழுதுற்றாலோ ஒருவர் உயிரே போதலுங் கூடும். ஆதலின் அதனை நாட்டுமாறும், நிலத்தொடு பிணிக்குமாறும், பேணுமாறும் ஒருசிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இரும்புக் கம்பத்தில் என்ன வேலை என்பார்க்கு ஒன்று கூறுவல். கம்பம் என்னுஞ் சொல்லுக்குத் தூண் என்பது ஒரு பொருள். நடுக்கம் என்பது மற்றொரு பொருள். பூகம்பம் என்புழி நடுக்கமே பொருளாதல் காண்க. வடமொழியில் வெவ்வேறாகிய இரு சொற்கள் தமிழில் வந்து ஒரே வடிவாய் நின்றன. தூண் நாட்டுவோன் நடுக்கத்தை மறவாதிருத்தற்கு இச்சொல்லே ஒரு நினைவுறுத்தலாக அமைந்துள்ளது. கீழே கூறப்படுவனவெல்லாம் இவ்விரு பொருளுக்கும் இடையே நிகழும் போராட்டத்தின் விரிவேயாம்.

1. தமிழகத்து முன்னோடிகள்

நம் நாட்டில் ஒலிபரப்புக் கலைக்கு வித்திட்டவருள் இத்தகைய அன்பர்கள் முற்பட்டு நிற்கின்றனர். 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் முயற்சியாற் சென்னை மாகாண ரேடியோக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு ஜூலை மாதம் 31ஆம் நாள் அக்கழகம் 40 வாட் ஆற்றலுடைய சிறு கருவியொன்றைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டினால் 1927இல் அம்முயற்சி நின்றுபோயிற்று. ஆயினும் அக்கருவி வீணாகவில்லை. சென்னை நகராண்மைக் கழகம் அதனை ஏற்று 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஒலிபரப்பை நடத்தி வந்தது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பெறுங்காறும் நகரத்தார்க்குச் செவியமுது ஊட்டியது அதுவே.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? நாட்டுதல் சிலர் ஆர்வத்தால் ஒரு நாளில் ஆகும். பேணுதற்கோ நாள்தோறும் ஒருவர் வேண்டும். கழகத்துக்குப் பொருந்திய இவ்வுண்மை கம்பத்துக்கும் பொருந்தும்.

2. ஊத்துக்கோட்டையில் ஒரு கம்பம்

செய்தி விளங்கும் பொருட்டு, ஊத்துக்கோட்டையில் ஓர் அன்பர் 12 மீட்டர் உயரமுள்ள கம்பமொன்று நாட்டுவதாகக் கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடவெல்லையில், ஆந்திர நாட்டை அடுத்து, ஆரணியாற்றங்கரையில் உள்ளது இவ்வூர். கிருஷ்ணை நீர் பூண்டி ஏரிக்கு வருங் கால்வாய் தமிழகத்துட் புகுவதும் இதன் அருகிலேதான். மேற்கே பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறக்கப்படுமாயின் ஆரணியாறு கரைபுரண்டு வரும். ஆற்றின் தரைப்பாலம் நீரில் மூழ்கித் திருவள்ளூர்ச் சாலையிற் போக்குவரவு அற்றுப்போன மழைக்காலங்கள் உண்டு. சாலையும் மின்சாரமும் ஒருங்கே நின்ற நாளிற் கைப்பேசிக் கோபுரங்களும் மின்கலம் தீர்ந்து ஊமையாகும். அந்நாளில் ஒரு மோட்டார் வண்டியின் மின்கலத்தைக் கொண்டே பேசவல்ல ரேடியோ அன்பர் ஊருக்கு ஒருவர் இருப்பாராயின், மருந்தும் படகும் வேண்டுமென்று கேட்க ஒரு வாய் உண்டாகும்.

இது வெறுங் கற்பனையன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, சிறப்பு உரிமம் பெற்றுப் போர்ட் பிளேயரில் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவினரும், பிற தொடர்புகள் அற்ற அவ்வேளையில் தீவினர் நலச்செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னை வெள்ளத்துள் ஆழ்ந்தபோதும் ரேடியோ அன்பர் செய்தி கடத்தித் துணைநின்றனர்.

3. உயரம் எவ்வளவு வேண்டும்?

ஊர்களுக்கிடையே பேசுதற்கு அன்பர் பெரிதும் எடுத்தாளும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள், பெரும்பாலும் கண்பார்வைபோல நேரே செல்லுமியல்பின. நிலமோ உருண்டை. ஆதலின் ஏரியல் எவ்வளவு உயர்கின்றதோ அவ்வளவு அதன் அடிவானம் விரியும். உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆற் பெருக்கினால் அவ்வலை எட்டுந் தொலைவு கிலோமீட்டரில் ஏறத்தாழக் கிடைக்கும். 12 மீட்டர்க் கம்பத்துக்கு இது 14 கிலோமீட்டர். எதிர்நிலையத்திலும் அவ்வளவு உயரமே இருப்பின் இரண்டையுங் கூட்டி 28 கிலோமீட்டர் ஆகும். ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஆகவே இடையே குன்றுகள் மறையாவிடின் இவ்விரண்டூர்களோடும் 12 மீட்டர்க் கம்பத்தைக் கொண்டே பேசலாம். சென்னையோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதனை நேரே எட்டவேண்டின் எதிர்நிலையத்தின் உயரம் 75 மீட்டர் அளவு இருத்தல் வேண்டும். அதனினும் திருவள்ளூரில் ஒருவர் கேட்டு மறுபடியும் உரைப்பாராயின் தொல்லையில்லை. உயரத்தைக் கூட்டுதலினும் தோழரைக் கூட்டுதல் நன்று என்பது இதனாற் போதரும்.

இன்னுமொன்று: எல்லாவற்றுக்குங் கம்பம் வேண்டுவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள சிற்றலைகள் மேலே சென்று வானின் மின்மண்டலத்திற் பட்டு மீளுமியல்பின. அவற்றுக்கு 20 மீட்டர் நீளக் கம்பியொன்றை இரண்டு தென்னைகளுக்கிடையே ஐந்தாறு மீட்டர் உயரத்திற் கட்டினாலும் பகற்போதிற் சென்னையோடு பேசுதல் இயலும். எனவே கம்பம் நாட்டுமுன், இஃது உண்மையில் வேண்டுவதொன்றா என்று தன்னைத் தான் வினவுதல் அறிவுடைமை.

4. இடந் தெரிதல்

கம்பம் வீழாது என்று எண்ணி இடந் தெரிதல் பிழை. வீழுமாயின் எங்கே வீழும் என்று எண்ணித் தெரிதல் வேண்டும். 12 மீட்டர்க் கம்பத்தைச் சூழ, அதன் ஒன்றரை மடங்காகிய 18 மீட்டர் வட்டத்துள் மின்சாரக் கம்பி இராதிருத்தல் முதல் விதி. அயலார் கூரையும் தெருவும் அதன் வீழ்ச்சிக்கு எட்டாதிருத்தல் இரண்டாம் விதி.

முதல் விதியை மீறுதல் எத்துணைக் கொடிதென்பதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்லவேண்டா. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் விடியற்காலையில், தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியைத் தீண்டிற்று. பதினொருவர் உயிர் நீத்தனர். ரேடியோக் கம்பத்தை நிமிர்த்தும்போது நிகழக்கூடியதும் இதுவே. நிமிர்த்துவார் நால்வர் கையும் இரும்பைப் பற்றியிருக்கும்; உச்சி ஒருகணம் சாய்ந்து கம்பியைத் தொடினும் நால்வரும் ஒருங்கே மடிவர். மின்கம்பியின்மேல் உறை இருப்பதாகத் தோன்றினும் நம்பலாகாது. தோன்றுவதெல்லாம் காப்பு அன்று.

உரிமமின்றி நிலையம் நடத்துதல் சட்டத்துக்கு மாறானது. கம்பம் எழுப்புதற்கு ஊராட்சியின் இசைவும் பிற துறைகளின் இசைவும் வேண்டுமாயின் அவற்றையும் முன்னரே பெறுக.

5. காற்றின் கணக்கு

கம்பத்தின் முதற்பகை காற்று. காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் தாக்குதல் நான்மடங்காகும். விரைவை நொடிக்கு இத்தனை மீட்டரென அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, வந்ததை 0.6ஆற் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் விழும் அழுத்தம் நியூட்டன் அளவிற் கிடைக்கும். நொடிக்கு 25 மீட்டர் விரைவில் அது 375 நியூட்டன். 50 மீட்டர் விரைவில் 1,500 நியூட்டன்.

50 மீட்டர் என்பது மிகையன்று. கட்டடங்களுக்குரிய காற்றுச் சுமையை வகுக்கும் ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர நூலின் மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று விரைவாக அதனையே விதிக்கின்றது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்பதும் இதுவே. ஊத்துக்கோட்டைக்கும் அவ்வளவே கொள்ளுதல் காப்புடைத்து. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வார்தாப் புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரொடு சாய்ந்தமை நம் நினைவினின்று நீங்கிற்றிலது.

நம் கம்பத்தின் உச்சியில் அரைச் சதுர மீட்டர்ப் பரப்புள்ள ஏரியல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பெருங்காற்றில் அதன்மேல் விழும் விசை 750 நியூட்டன். அஃதாவது ஏறத்தாழ 76 கிலோ எடை. வளர்ந்த ஆடவன் ஒருவன் கம்பத்தின் உச்சியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் தன் முழு எடையாலும் இழுப்பது போலும் இது. கம்பத்தின் உடல்மேற் படுங் காற்று இதனின் வேறாக எண்ணப்படும். ஏரியலின் வடிவுக்கேற்ப இவ்வளவு கூடியுங் குறைந்தும் வரும். ஆதலின் இங்குக் காட்டுங் கணக்கு முறையை விளக்குதற்கே. உண்மையிற் கம்பம் எழுப்புவார் பொறியியல் வல்லாரைக் கொண்டு முழுதும் கணித்தே தொடங்குக. முன்னர் ஓர் ஏரியலுக்கெனக் கணித்த கம்பத்திற் பின்னர் வேறொன்றையும் ஏற்றுதல் பலரும் செய்யும் பெரும்பிழை. கம்பம் அன்று ஒன்றுஞ் சொல்லாது. புயல் வரும் நாளிலேயே மறுமொழி கூறும்.

6. அடித்தளமும் இழுகம்பியும்

மணலின்மேற் கட்டிய வீட்டையும் கற்பாறைமேற் கட்டிய வீட்டையும் பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையை அறியாதார் இலர். மழையும் பெருவெள்ளமும் காற்றும் இரண்டு வீடுகள்மேலும் ஒப்ப மோதின. வேற்றுமை அடியில் இருந்தது. ஆற்றங்கரை ஊர்களிற் கம்பம் நாட்டுவார்க்கு இவ்வுவமை நேரே பொருள்படும். ஆரணியாற்றின் ஓரத்து மணற்பாங்கான நிலம் நீரூறியபோது தன் பிடியை இழக்கும். களிமண் நிலமோ கோடையில் வெடித்து மழையிற் பொங்கும். ஆதலின் வேண்டிய ஆழத்துக்கு அகழ்ந்து, கெட்டியான மண்ணைக் கண்டபின்னரே கான்கிரீட் இடுதல் வேண்டும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராகவுள்ள கான்கிரீட்டுக் கட்டியின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. இவ்வெடையே கம்பத்தின் காலைப் பற்றியிருக்குங் கை. இட்ட கான்கிரீட்டை ஈரச்சாக்குப் போர்த்தி நாள்தோறும் நீர் தெளித்துப் பதப்படுத்துக. 28 நாள் சென்ற பின்னரே அதன் வலிமை நிரம்பியதாகக் கொள்ளப்படும். கட்டியின் மேற்பரப்பு நிலத்துக்குமேல் உயர்ந்து, நீர் தங்காவண்ணம் நாற்புறமுஞ் சரிந்திருத்தல் வேண்டும். குழாய்க் கால்களாயின் உள்ளே தேங்கும் நீர் வடியுமாறு அடியில் வழிவிடுக. அன்றேல் அவை புறத்தே பளபளத்து அகத்தே துருப்பிடித்துப் போம்.

மெலிந்த கம்பத்தைத் தாங்குவன இழுகம்பிகள். மின்வினைஞர் இவற்றை ஸ்டே கம்பி என்பர். முற்காலத்து மரக்கலத்தின் பாய்மரத்தைக் கூம்பு என்றனர் புலவர். கயிறுகள் நாற்புறமும் இழுத்துப் பிடித்ததனாலேதான் அக்கூம்பு கடற்காற்றில் நின்றது. நம் கம்பத்துக்கு மூன்று திசை போதும்; ஒன்றற்கொன்று 120 பாகை இடைவெளியாகப் பிரித்து இழுத்துக் கட்டுதல் வேண்டும்.

அவ்விழுகம்பியைக் கம்பத்தின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிலத்திற் பிணிப்பது? உயரத்தில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு தொலைவு என்பது வழக்கு. இதன் காரணத்தை எளிய கணக்காற் காணலாம். 12 மீட்டர் உச்சியிலிருந்து வருங் கம்பியை 9 மீட்டர் தள்ளிப் பிணித்தாற் கம்பியின் நீளம் 15 மீட்டர். அப்பொழுது 750 நியூட்டன் காற்றுக்கு அது 1,250 நியூட்டன் இழுவை தாங்கவேண்டும். இடமில்லையென்று 5 மீட்டரிலேயே பிணித்தாற் கம்பியின் நீளம் 13 மீட்டர் ஆகும். இழுவையோ 1,950 நியூட்டனாக ஏறும். அன்றியும் கம்பத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை 1,000 நியூட்டனிலிருந்து 1,800 நியூட்டனாகும்; நிலத்திற் புதைத்த பிணிப்பை மேல்நோக்கிப் பிடுங்கும் விசையும் அவ்வளவே. இரண்டு மீட்டர்க் கம்பியை மிச்சப்படுத்தியவன் ஏறத்தாழ இருமடங்கு சுமையை விலைக்கு வாங்கினான் என்பது தெளிவு.

கம்பிகளை வீணைநரம்பு போல முறுக்குதலும் ஆகாது. தொட்டில் போலத் தொங்கவிடுதலும் ஆகாது. கம்பி அறும் அளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இழுவையே தொடக்கத்தில் வைப்பர். இழுவையைத் திருத்தும் டர்ன்பக்கிளை முறுக்கியபின், காற்றின் அதிர்ச்சியால் அது தானே கழலாதபடி சிறு கம்பியாற் பூட்டிக் கட்டுக.

7. நிலத்தொடு பிணித்தல்

இனி, இடியைக் காண்போம். மின்வினைஞர் எர்த் என வழங்குவதையே ஈண்டு நிலத்தொடு பிணித்தல் என்கின்றோம். மின்னல் என்பது மின்சாரமே என 1752இற் பெஞ்சமின் பிராங்கிளின் பட்டம் விட்டு ஆராய்ந்த காலந்தொட்டு, உயர்ந்த கட்டடங்களை நிலத்தொடு பிணிக்கும் வழக்கம் பரவிற்று. இதைப்பற்றி மக்களிடையே உள்ள எண்ணம் ஒன்று திருத்தத்தக்கது. ஓர் இரும்புக்கோலை நிலத்தில் அறைந்துவிட்டால் மின்னல் முழுதும் அதன்வழியே மறைந்துவிடும் என்பர். அஃது அங்ஙனம் அன்று. மின்னலின் ஓட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் எனவும், நம் எர்த்தின் தடை 10 ஓம் எனவும் கொண்டால், அந்த நொடிக்கூற்றிற் கம்பத்தின் அடியே 3,00,000 வோல்ட்டு உயரும். ஆகவே நாம் செய்யவேண்டுவன இரண்டு: தடையை இயன்ற அளவு குறைத்தல் ஒன்று; நிலையத்திலுள்ள இரும்பெல்லாம் ஒருங்கே உயர்ந்து ஒருங்கே தாழுமாறு ஒன்றோடொன்று பிணித்தல் மற்றொன்று. இரண்டனுள் இரண்டாவதே பெரிது. மின்கம்பியின்மேல் இரு காலையும் வைத்திருக்குங் காக்கை சாவதில்லை. அதன் இரு காலுக்கும் இடையே வேறுபாடு இன்மையே காரணம். கேடு விளைப்பது உயரமன்று, வேறுபாடே.

தடையைக் குறைத்தற்கு ஒரு கோல் போதாது. இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளமுள்ள கோல்கள் பலவற்றை, ஒன்றன் நீளத்துக்குக் குறையாத இடைவெளிவிட்டு அறைந்து, அவற்றைத் தடித்த பட்டையால் இணைத்தல் வேண்டும். கம்பத்தின் ஒவ்வொரு காலையும், இழுகம்பியின் பிணிப்புகளையும், அடித்தளத்துக் கான்கிரீட்டினுள்ளே கிடக்கும் முறுக்குக் கம்பியையும் இவற்றொடு சேர்க்குக. ஊத்துக்கோட்டை என்னும் பெயரிலேயே ஊற்று என்பது ஒலிக்கின்றது. ஈரமுள்ள மண் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். ஆயினும் மேல்மணல் சித்திரை வைகாசியில் உலர்ந்து தடை மிகும். இடிமழை தொடங்குங் காலமும் அதுவே. ஆதலின் கோல்கள் நிலைத்த ஈரத்தை எட்டுமளவு ஆழ்ந்திருத்தல் இன்றியமையாதது. இதன் முறைகளை ஐ.எஸ். 3043 என்னும் தர நூலில் விரிவாகக் காணலாம்.

இணைக்கும் பட்டை குறுகியதாகவும் நேரியதாகவும் இருத்தல் வேண்டும். மின்னல் கூரிய வளைவை விரும்பாது. முழங்கைபோல் மடித்த பட்டையை விட்டு அருகிலுள்ள சுவரிற் பாயும். எனவே திருப்பவேண்டிய இடத்தில் அகன்ற வளைவாகத் திருப்புக. செம்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேரே பொருத்தலாகாது. ஈரம் படின் துத்தநாகம் அரித்துப்போம். இடையே ஈயம் பூசிய பித்தளைப் பிடியோ துருவேறா எஃகுப் பிடியோ வைக்குக.

ஏரியலிலிருந்து வீட்டினுள் வருங் கோஆக்சியல் கேபிளின் மேலுறையைக் கம்பத்தின் உச்சியிலும் அடியிலும், வீட்டினுள் நுழையுமிடத்திலும் பிணித்தல் வேண்டும். நுழையுமிடத்தில் மின்னற்காப்பான் ஒன்றும் வைக்குக. வீட்டு மின்சாரத்தின் எர்த்தும் ரேடியோவின் எர்த்தும் தனித்தனியே கிடத்தலாகாது. அங்ஙனங் கிடப்பின் மேலே கூறிய வேறுபாடு அவ்விரண்டற்கும் இடையே, அஃதாவது மேசைமேலுள்ள கருவியினூடே, சில நேரம் அதனைத் தொட்டிருப்பான் உடலினூடே, தன்னைத் தீர்த்துக்கொள்ளும். இரண்டையும் தடித்த பட்டையாற் சேர்த்துவிடுக.

இவையனைத்தும் செய்தபின்னும், முகில் கறுத்து இடி கேட்குமுன்னரே கேபிளைக் கழற்றி வெளியே விட்டுக் கருவியை விட்டு நீங்குதலே முறை. மனிதன் செய்யுங் காப்புக்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லையை அறிதலுங் காப்பின் பகுதியேயாம்.

8. ஆண்டில் இருமுறை

கம்பத்தைப் பங்குனியில் ஒருமுறையும் புரட்டாசியில் ஒருமுறையும் சோதித்தல் நம் நாட்டின் பருவத்துக்கு ஏற்றது. முன்னது கோடை இடிக்கு முன். பின்னது ஐப்பசி கார்த்திகைப் புயலுக்கு முன். கையில் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். சோதிப்பன வருமாறு:

கம்பம் செங்குத்தாக நிற்கின்றதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தல். இழுகம்பிகளின் இழுவை மூன்றிலும் ஒத்துள்ளதா எனல். நட்டும் போல்ட்டும் கழன்றனவா எனல். எர்த்துப் பிடிகள் இறுகியுள்ளனவா எனல். எர்த்தின் தடையைக் கருவியால் அளந்து சென்ற முறை எழுதியதனோடு ஒப்பிடல். கேபிள் முனைகளில் மழைநீர் புகுந்ததா எனல். நிலத்துட் புகுமிடத்தில் ஸ்டே ராடு அரித்துள்ளதா எனல். இறுதியிற் கூறியது பலர் கண்ணுக்குத் தப்புவது. மண்ணும் காற்றும் கூடுமிடத்திலேதான் துரு விரைந்து தின்னும். ஒரு சாண் மண்ணை விலக்கிப் பாராதவன் ஒன்றையும் பார்த்தவனல்லன்.

துத்தநாகப் பூச்சு இரும்புக்கு மேற்போர்வை மட்டுமன்று. இரும்பு அரிபடுமுன் தான் அரிபட்டு அதனைக் காப்பது. கடற்காற்றின் உப்பும் தொழிற்சாலைப் புகையும் கலந்த கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் அப்பூச்சு விரைவிற் குறையும். ஊத்துக்கோட்டையில் அதற்குச் சற்றுக் கூடிய ஆயுள் உண்டு. எங்கேனும் துளையிட்டாலோ உராய்ந்தாலோ அவ்விடத்தைத் துத்தநாக வண்ணத்தால் உடனே மூடுக. துருப்பிடித்த உறுப்பை வண்ணம் பூசி மறைத்தல் வெள்ளையடித்த கல்லறைக்கு ஒப்பாம், மாற்றுதலே தகும். காக்கைகள் கட்டடங்களிற் கிடந்த இரும்புக்கம்பித் துண்டுகளைக் கொணர்ந்து கூடு கட்டுதலும் உண்டு. குஞ்சுகள் பறந்துபோனபின் அதனை நீக்குக.

ஏறுவார்க்குரிய விதிகளைச் சுருங்கக் கூறுவல். தனியே ஏறலாகாது. முழுவுடற் பட்டையும் தலைக்கவசமும் அணிந்து, இரண்டு கொக்கிகளுள் ஒன்றேனும் எப்பொழுதும் கம்பத்தில் மாட்டியிருக்க ஏறுதல் வேண்டும். ஒன்றை மாட்டியபின்னரே மற்றதைக் கழற்றுக. ஏறுமுன் கருவியை நிறுத்தி, அதன் மின்இணைப்பையும் பிடுங்கி, ஏறுவான் தன் கையோடு எடுத்துச் செல்லுக. கீழுள்ளார் அறியாது முடுக்கினால் ஏரியலைத் தொட்டவன் கை வெந்துபோம். கருவிகளைக் கயிற்றிற் கட்டி ஏற்றுக. கீழே நிற்பவர் கம்பத்தின் நேரடியில் நில்லற்க. நிற்கும் கம்பத்தின் இழுகம்பியை, மாற்றுக் கம்பி கட்டாமல் ஒருபொழுதும் அவிழ்த்தலாகாது. ஈரமும் காற்றும் உள்ள நாளில் வேலையை நாளைக்கு ஒத்திப்போடுதல் அச்சமன்று, அறிவு.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாம். பாபேலில் எழுந்த கோபுரம் பெயரும் புகழுங் கருதியது. அதனாற் பேச்சுத் தாறுமாறாயிற்று. ரேடியோ அன்பன் எழுப்புங் கம்பமோ பிரிந்துள்ளார் பேச்சை இணைப்பதற்கு எழுவது. அதன் பெருமை உச்சியில் இல்லை. ஒருவருங் காணாத கான்கிரீட்டிலும், மண்ணுட் புதைந்த கோலிலும், குறிப்பேட்டில் ஆறு திங்களுக்கு ஒருமுறை எழுதும் சில வரிகளிலும் உள்ளது.

நம் கல்லூரியில் இயற்பியல் பயில்வார் உளர். தமிழ் பயில்வாரும் உளர். முன்னவர் கணக்கிடலாம், பின்னவர் அக்கணக்கை ஊரார்க்கு விளங்கும் மொழியில் உரைக்கலாம். உரிமத் தேர்வுக்கு ஆயத்தஞ் செய்யும் சிறு குழுவொன்று இவ்விருவகை மாணவரும் கூடின் அமையும். பழைய மாணவருள் உரிமம் பெற்றார் இருப்பின் வழிகாட்ட முன்வருக. ஆரணியாறு அடுத்தமுறை கரைபுரளும் நாளை நாம் அறியோம். அந்நாளில் எழும் ஒரு குரலைக் கேட்பதற்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒவ்வொரு கம்பம் நிமிர்ந்து நின்றால் போதும். அதற்குரிய குழியை இந்தக் கோடையிலேயே வெட்டத் தொடங்குவோமாக.